கருப்பட்டியும் நாற்பத்தாறு ஜோடிச் செருப்பும்

லாட்ஜில் நாய்க்கு இடமில்லை என்று மேனேஜர் கோதண்டம் மூன்றாவது முறையாகச் சொன்னார். மூன்று முறையும் இசக்கி பணிவாகத் தலையை ஆட்டினாள். ஆனால் கையில் பிடித்திருந்த கயிற்றை மட்டும் விடவில்லை.

இசக்கிக்குப் பத்து வயது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து, வீட்டுச் சாமான்களோடு லோடு வண்டியில் ஏறி, அன்று காலைதான் ஸ்ரீபெரும்புதூரில் வந்து இறங்கியிருந்தாள். அவளுடைய அப்பா பேச்சிராஜுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு வருடம் இதே லாட்ஜில் தனியாக இருந்தவர், இப்போதுதான் மண்ணூரில் வீடு பிடித்துக் குடும்பத்தை வரவழைத்திருந்தார்.

வந்து பார்த்தால் வீட்டில் டைல்ஸ் ஒட்டும் வேலை முடியவில்லை. நாலு நாள் ஆகும் என்று வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். சாமான்களை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு, அப்பா, அம்மா, இசக்கி, கருப்பட்டி நாலு பேரும் லாட்ஜுக்கு வந்தார்கள்.

கருப்பட்டி என்பதுதான் அந்த நாயின் பெயர். நிறத்தில் கருப்பட்டி. குணத்திலும் கருப்பட்டிதான். வாயைத் திறந்தால்தான் வம்பு.

"ரெண்டு வருசமா என்னயத் தெரியும்லா சார்? நாலே நாளுதான்" என்றார் அப்பா.

"உங்க மூஞ்சிக்கோசரம் பாக்கறேன் சார்" என்றார் கோதண்டம். மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டே பேசினார், இந்தப் பக்கம் வரவேயில்லை. "இங்க நாப்பத்தாறு பேர் கீறாங்கோ. பாதிப் பேரு நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து பகல்லதான் தூங்கறாங்கோ. ஒரு தபா குரைச்சிச்சின்னாலும் நாளைக்கிக் காலைல அது இங்க இருக்கக் கூடாது."

"குரைக்காது சார்" என்றாள் இசக்கி.

அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அப்பா வேலைக்குக் கிளம்ப ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். கீழ்த் தளத்தில் கடைசி அறை அவர்களுடையது. கருப்பட்டியை அறை வாசலில், ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். பல் விளக்கப் போன ஒரு ஆள் அந்தப் பக்கம் வந்தார். அவ்வளவுதான். கருப்பட்டி தன் குரலில் ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் குரைத்துத் தீர்த்தது.

ஏழெட்டுக் கதவுகள் திறந்தன. தூக்கம் கலைந்த தலைகள் எட்டிப் பார்த்தன. அந்தத் தலைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

"ஏன் பாப்பா, என்னப் பாத்தா திருடன் மாதிரியா கீது?" என்று கேட்டார் பல் விளக்க வந்தவர். அவர் பெயர் டில்லிபாபு.

மேசையிலிருந்தே கோதண்டம் குரல் கொடுத்தார். "சொன்னன் இல்ல? நாளைக்கிக் காலைல."

அப்பா இசக்கியின் தலையைத் தடவினார். "ஏட்டி, நம்ம சாமான் கொண்டாந்த வண்டி நாளைக்குக் காலைல ஊருக்குத் திரும்புது. அதுலயே பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிருவோம். வேற வழி இல்ல, தாயி."

"நாலு நாள் கழிச்சுத் திரும்பக் கொண்டாருவியளா?"

அப்பா குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். அறுநூறு கிலோமீட்டர் போன நாய் திரும்பி வராது என்பது இசக்கிக்குத் தெரியும். அப்பா போனதும் அவள் கருப்பட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வந்தது. அழுதால் நேரம்தான் வீணாகும் என்று மூக்கை உறிஞ்சிவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

அப்போது எதிர் அறைக் கதவு திறந்தது. மாரிசெல்வம் என்ற ஒல்லியான அண்ணன் வாளியோடு வெளியே வந்தார். இசக்கி கருப்பட்டியின் வாயைப் பொத்தப் பாய்ந்தாள்.

ஆனால் கருப்பட்டி குரைக்கவில்லை. வாலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

"அண்ணே, உங்கள இதுக்கு முன்னாடியே தெரியுமா இதுக்கு?"

"எனக்கே இப்பத்தான் தெரியும், இங்க ஒரு நாய் இருக்குன்னு" என்றார் மாரிசெல்வம். "என் ஷூவ எதுக்கு அது தலகாணியா வச்சிருக்கு?"

உண்மைதான். கருப்பட்டியின் தலை அவருடைய ஷூவின் மேல் இருந்தது. வந்ததிலிருந்து அதன் மூக்கு அந்த ஷூவுக்குள்தான் கிடந்தது. இசக்கி எழுந்து நின்றாள்.

அந்த லாட்ஜில் ஒரு பழக்கம் இருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து வருபவர்கள் கறுப்பு சேஃப்டி ஷூவை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே தூங்குவார்கள். பகல் ஷிப்டுக்குப் போனவர்கள் ஷூவை மாட்டிக்கொண்டு செருப்பை வெளியே விட்டுப் போயிருப்பார்கள். ஆள் உள்ளே இருந்தாலும் சரி, கம்பெனியில் இருந்தாலும் சரி, ஆளுடைய வாசனை வாசலில் இருக்கும்.

இசக்கி நேராக டில்லிபாபுவின் அறை வாசலுக்கு நாயை இழுத்துப் போனாள். அவருடைய ஷூவை மோந்து பார்க்க விட்டாள். பிறகு அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, ஒரு தடவ எங்க முன்னாடி நடந்து போவியளா?"

"இன்னொரு தபா குரைக்கவா?"

"குரைக்காது அண்ணே. பந்தயம்."

டில்லிபாபு பல் விளக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி பட்டாளத்துக்காரர் போல நடந்து போனார். திரும்பியும் வந்தார். கருப்பட்டி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அட" என்றார் டில்லிபாபு. அதுவரை அவர் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இரண்டு பேர் முடிந்தார்கள். இன்னும் நாற்பத்து நாலு பேர் இருந்தார்கள். இசக்கி கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள்.

"எங்க போற?" என்றார் கோதண்டம், தூரத்திலிருந்தே.

"எல்லாருக்கும் இத அறிமுகப்படுத்தப் போறேன் சார்."

"அல்லாரும் தூங்கறாங்கோ."

"அதனாலதான் சார் இப்பவே போறேன்."

"சத்தம் வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார் கோதண்டம்.

சத்தம் வரவில்லை. ஒவ்வொரு வாசலாக உட்கார்ந்து, ஒவ்வொரு ஷூவாக, ஒவ்வொரு செருப்பாகக் காட்டினாள். கருப்பட்டியும் பரீட்சைக்குப் படிப்பது போல மூக்கை உள்ளே விட்டு மோந்தது. மோந்து முடித்ததும் இசக்கி அவற்றை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே திருப்பி வைத்தாள். எல்லா ஷூவும் ஒரே மாதிரி கறுப்பு. மாறிப் போனால் கம்பெனிக் கேட்டில் அந்த அண்ணன்மார் பாடு திண்டாட்டமாகிவிடும்.

நடுவில் சாப்பிட வந்தபோது அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "ஏட்டி, ஊர்ச் செருப்பெல்லாம் தொட்டுட்டு வாரியே. சோப்புப் போட்டுக் கழுவு. முழங்கை வரைக்கும் கழுவு."

இரண்டாவது மாடியில் ஒரு சிக்கல் வந்தது. பதினேழாம் நம்பர் அறைக்காரர் ஷூவைக் கழுவி வெயிலில் காயப் போட்டிருந்தார். அதில் சோப்பு வாசனைதான் அடித்தது. செருப்பையும் காணோம். இசக்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து அவர் எழுந்து வந்தார்.

"அண்ணே, உங்க சாக்ஸத் தருவியளா?" என்று விஷயத்தைச் சொல்லிக் கேட்டாள்.

"தரலாம் பாப்பா" என்று அவர் தயங்கினார். "நாய்தான் பாவம்."

கருப்பட்டி அந்த சாக்ஸை மோந்ததும் இரண்டு தும்மல் போட்டது. இனி அந்த ஆளை அது மறக்க வாய்ப்பே இல்லை.

மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. காலை ஷிப்ட் முடிந்து இருபது பேர் மொத்தமாக உள்ளே வந்தார்கள். இசக்கி கருப்பட்டியோடு படிக்கட்டின் அடியில் நின்றாள். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாரிசெல்வமும் டில்லிபாபுவும் மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆள் போனார். கருப்பட்டி மோந்து பார்த்தது, பேசாமல் இருந்தது. இரண்டாவது ஆள் போனார். ஐந்தாவது, பத்தாவது. இருபதாவது ஆளும் படியேறிப் போய்விட்டார். ஒரு உறுமல்கூட இல்லை.

இந்த அதிசயத்தைப் பார்க்கக் கோதண்டம் அன்றைக்கு முதல்முறையாக மேசையை விட்டு வெளியே வந்தார்.

கருப்பட்டி குரைத்தது.

கோதண்டம் ஒரே தாவலில் மேசைக்குப் பின்னால் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். "பாத்தியா? நாளைக்கிக் காலைல..."

"சார், தப்பு அது மேல இல்ல, என் மேலதான்" என்று இசக்கி இடைமறித்தாள். "நாப்பத்தாறு பேரக் காட்டினேன். உங்கள விட்டுட்டேன். உங்க செருப்பத் தாங்க."

அவர் செருப்பைத் தரவில்லை. தூக்கிய காலை இறக்கவும் இல்லை. அந்தக் கால்களைப் பார்த்ததும் இசக்கிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அவள் நாயைத் தூணில் குட்டையாகக் கட்டினாள். மேசைக்குப் பக்கத்தில் போய், மாடியில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள். "சார், உங்கள எப்பவாவது நாய் கடிச்சிருக்கா?"

கோதண்டம் சுற்றும் முற்றும் பார்த்தார். "உன் வயசுல. வடக்குப்பட்டுல. பதினாலு ஊசி" என்றார். "யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன் சார். நீங்க வர வேண்டாம். ஒத்தச் செருப்பு மட்டும் குடுங்க. கயிறு முழுக்க என் கையில இருக்கும்."

கோதண்டம் தூணையும் கயிற்றையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு இடது கால் செருப்பைக் கழற்றி, துடைப்பக் கட்டையால் மெல்லத் தள்ளிவிட்டார். கருப்பட்டி அதை மேலும் கீழும் மோந்தது. காலையிலிருந்து நாற்பத்தாறு பேரை மோந்த களைப்பு அதற்கு. அந்தச் செருப்பின் மேலேயே தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

கோதண்டம் ஒரு காலைக் கீழே வைத்தார். நாய் அசையவில்லை. இன்னொரு காலையும் வைத்தார். எழுந்து, சுவரோரமாக நாலு அடி நடந்தார். கருப்பட்டி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து, வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டது.

"டீ குடிக்கப் போகணும்" என்றார் கோதண்டம்.

இசக்கி செருப்பை உருவக் குனிந்தாள்.

"வுடு, வுடு. இப்பத்தான் தூங்குது."

ஒரு காலில் மட்டும் செருப்போடு அவர் எதிரே இருந்த டீக்கடைக்கு நொண்டி நொண்டிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பொறை பிஸ்கட் இருந்தது. அதைத் தூரத்திலிருந்தே இசக்கியிடம் நீட்டினார்.

"இன்னிக்கி நீ குடு" என்றார். "நாளைக்கி நானே குடுக்கறேன்."