பெருஞ்சாத்தனின் பாதங்கள்

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால், தென்கோடித் தமிழகத்தின் மலைச்சாரலில், பறளியாறு வளைந்து திரும்பும் ஓரிடத்தில் நெடுங்கோட்டு அரசின் கோட்டை நின்றது. அந்த ஆற்றங்கரைக்கு நம்முடன் வரும்படி வாசகர்களை அழைக்கிறோம். மாசிப் பௌர்ணமிக்கு முந்திய மாலை அது. மேற்கே மலைமுகடுகளில் செவ்வொளி இன்னும் முழுதும் அடங்கவில்லை. அதற்குள்ளாகவே கிழக்கே தென்னஞ்சோலைகளுக்கு மேல் நிலா எழுந்து, ஆற்றின் சிற்றலைகளின் மீது வெள்ளிப் பொடியைத் தூவத் தொடங்கியிருந்தது. கரையோரத் தாழம்புதர்கள் மணம் வீசின. ஆனால் வாசகர்கள் மூக்கைச் சற்றுப் பொத்திக்கொள்வது நலம். ஆற்றைப் பார்த்தபடி இருந்த அரண்மனை மாடத்திலிருந்து வேறொரு வாடையும் காற்றோடு வந்துகொண்டிருந்தது. அகிற்புகையாலும் சந்தனக் குழம்பாலும் மறைக்க முடியாத வாடை அது. நெடுங்கோட்டு மன்னர் பெருஞ்சாத்தருடைய பாதங்கள் இரண்டு ஆண்டுகளாக அழுகிக்கொண்டிருந்தன.

அந்தப் பாதங்களை நம்பி அரண்மனையில் ஒன்பது வைத்தியர்கள் வாழ்ந்தார்கள். நன்றாகவே வாழ்ந்தார்கள். மன்னரின் கால் எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவுக்கு அவர்களுடைய வயிறுகள் பருத்தன. ஒருவர் வாயிற்படியைத் தாண்டாமல், கிராம்புத் துணியை மூக்கில் பிடித்தபடியே மருந்து சொல்வார். மற்றொருவர் மன்னரின் நாடியைப் பார்க்காமல் நட்சத்திரத்தைப் பார்ப்பார். இவர்கள் அனைவருக்கும் தலைவரான நக்கனார், நாள்தோறும் காலையில், "நேற்றைவிட இன்று தேவலை" என்று அறிவிப்பார். மற்ற எண்மரும் தலையசைப்பார்கள். மன்னரும் தலையசைப்பார். பிறகு வலி தாங்காமல் பிற்பகல் முழுவதும் அலறுவார்.

அன்று மாலை கோட்டையின் நீர்வாசலில் ஒரு சிறு படகு வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். வெள்ளை ஆடை, தலையை மூடிய வெள்ளை முக்காடு, கழுத்தில் சிறிய மரச்சிலுவை, கையில் ஓலைப்பெட்டி. நீர்வாசல் காவல்தலைவன் பொழிலன் வேலைக் குறுக்கே நீட்டினான்.

"யார் அம்மணி, தாங்கள்?"

"கொல்லத்துத் துறையில் குடியிருக்கும் சிரியா நாட்டு வணிகர் யோகன்னானின் மகள் எலிசுபா. வைத்தியம் தெரியும். அரசரின் காலைப் பார்க்க வந்திருக்கிறேன்."

"உள்ளே ஏற்கெனவே ஒன்பது பேர் இருக்கிறார்கள். பத்தாவதாகத் தாங்களும் விருந்துண்ண வந்தீர்களாக்கும்?"

"அந்த ஒன்பது பேரில் அரசரின் காலைக் கழுவியவர் எத்தனை பேர்?"

இரண்டு ஆண்டுகளாக அந்த வாசலில் நின்று ஏளனத்தையே முகமாக அணிந்துவிட்ட அந்த இளைஞன், அன்றுதான் முதன்முறையாக ஒரு மனித முகத்தை உற்று நோக்கினான். வேல் மெல்ல விலகியது.

அரசரின் மாடத்தில் எலிசுபா யாரையும் கேட்கவில்லை. வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள். தரையில் அமர்ந்து, பட்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பட்டோடு தோலும் வந்தது. மன்னர் துடித்தார், வைத்தியர்கள் எட்டடி பின்வாங்கினார்கள். அவளோ முகம் சுளிக்காமல், வேப்பம்பட்டைக் கஷாயத்தால் புண்களைக் கழுவி, சீழைத் துடைத்து, தேனும் மஞ்சளும் குழைத்துத் தடவி, பழைய வெள்ளைத் துணியால் தளர்வாகக் கட்டினாள். அரை நாழிகை கழிந்ததும் பெருஞ்சாத்தர் கண்களை மூடி நெடுமூச்சு விட்டார்.

"எரிச்சல் தணிந்திருக்கிறது" என்றார், தமக்கே நம்பிக்கையில்லாத குரலில். "பெண்ணே, கால் குணமாகிவிடுமா?"

"வலியைக் குறைக்க முடியும், அரசே. அதற்கு மேல் என் கையில் இல்லை."

"நக்கனார் தினமும் குணமாகும் என்று சொல்கிறாரே!"

"அவர் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறதே, அரசே. அதிலிருந்தே தெரியவில்லையா?"

நக்கனாரின் முகம் கறுத்தது. மன்னர் மட்டும் சிரித்தார். வெகுகாலத்துக்குப் பின் வந்த சிரிப்பு.

"கேள், என்ன பரிசு வேண்டும்?"

"முதலில் ஒரு வரலாறு கேளுங்கள். பிறகு பரிசைச் சொல்கிறேன். எங்கள் வேதத்தில் ஆசா என்று ஓர் அரசர் வருகிறார். யூதா என்னும் நாட்டை ஆண்டவர். இளமையில் அவர்மேல் கடல்போன்ற ஒரு சேனை படையெடுத்து வந்தது. ஆசாவிடம் இருந்த படையோ சிறியது. அவர் தம் இறைவனை நோக்கி, உம்மைத் தவிர எங்களுக்கு வேறு துணையில்லை என்று மன்றாடினார். வென்றார்."

பெருஞ்சாத்தரின் முகம் மலர்ந்தது. வாசகர்களே, அதற்குக் காரணம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரும் அப்படியொரு களத்தில் நின்றவர்தான். இருநூறு வீரர்களுடன் மூவாயிரம் பேரை எதிர்க்க வேண்டியிருந்த விடியலில், மலைக்கோயில் வேலவரை நோக்கி, வெறுங்காலோடு சேற்றில் மண்டியிட்டு அழுதார். அன்று வென்றார். அந்தப் பெருஞ்சாத்தரை நாமும் கைகூப்பி வணங்குவோம். அதற்குப் பின் வந்தவரைப் பற்றித்தான் நமக்கு நல்ல வார்த்தை எதுவும் அகப்படவில்லை.

"நல்ல அரசர்! பிறகு?" என்றார் மன்னர்.

"பிறகு அவருக்கு வயதாயிற்று. அண்டை நாட்டான் ஒருவன் வழியை மறித்து ஒரு கோட்டை கட்டத் தொடங்கினான். பெருஞ்சேனைக்கு முன்னால் மண்டியிடத் தெரிந்த ஆசாவுக்கு, இந்தச் சிறு தொல்லைக்கு மண்டியிட வெட்கமாக இருந்தது போலும். கோயில் பொன்னை எடுத்து வேற்றரசன் ஒருவனுக்கு அனுப்பி, அவன் படையை வரவழைத்துக்கொண்டார். அது தவறு என்று ஒருவர் நேருக்கு நேர் சொன்னார். சொன்னவரின் கால்களைத் தொழுமரத்தின் துளைகளில் மாட்டிப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் ஆசாவின் கால்களில் நோய் கண்டது. அப்போதும் அவர் வைத்தியர்களைத்தான் தேடினார், இறைவனைத் தேடவில்லை."

சாமரம் வீசிய பணிப்பெண்ணின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்: மூன்று ஆண்டுகளுக்கு முன், மேற்குக் கணவாயை அண்டை அரசன் மறித்தபோது, பெருஞ்சாத்தர் மலைக்கோயில் பண்டாரத்தைத் திறந்து பொன்னையெல்லாம் காரிமலை அரசனுக்கு அனுப்பி அவன் தயவை வாங்கினார், கோயில் காப்பாளர் மாறன் சேந்தனார், "உமக்கு அந்த விடியல் மறந்துபோயிற்றா?" என்று சபையில் கேட்டார், கேட்டதற்காக இன்றுவரை நிலவறையில், தொழுமரத்தில் கால்களை மாட்டிக்கொண்டு கிடக்கிறார்.

"என் பரிசு இதுதான், அரசே. சேந்தனாரை விடுதலை செய்யுங்கள்."

"அவன் சொல்லிக்கொடுத்து அனுப்பினானா உன்னை?" பெருஞ்சாத்தர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். "அந்நிய மதத்துச் சிறுமி என்னை அளக்க வந்தாயா?"

"எங்கள் தெய்வம் வேறு, தங்கள் தெய்வம் வேறு என்பது உண்மைதான். ஆனால் அந்த அரசரின் மறதியும் தங்கள் மறதியும் வேறல்ல."

நக்கனார் இத்தகைய தருணத்துக்காகத்தான் காத்திருந்தார். மன்னரின் காதருகே குனிந்து, "இப்போது நோயின் மூலம் விளங்கிவிட்டது, அரசே. சேந்தன் நிலவறையிலிருந்து இடும் சாபம்தான் தங்கள் காலைத் தின்கிறது. அவனையும் இவளையும் நாளைச் சூரியோதயத்தில் முடித்துவிட்டால் மூன்று நாளில் தாங்கள் நடப்பீர்கள்" என்றார்.

ஆம் என்றும் சொல்லாமல், கூடாது என்றும் சொல்லாமல், சற்றுமுன் தம் சீழைத் துடைத்த கைகளைப் பார்க்காமல், பெருஞ்சாத்தர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உமக்குத் தோன்றியபடி செய்யும்."

தீமை செய்யக்கூடத் துணிவில்லாமல் அதைப் பிறர் கையில் தள்ளிவிடும் அரசர்களை நாம் என்னவென்று அழைப்பது?

எலிசுபாவை நிலவறைக்குக் கொண்டுபோகும் பணி பொழிலனுக்கு வந்தது. தீவட்டி வெளிச்சத்தில் படியிறங்கும்போது அவன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அந்த முதியவருக்கும் தங்களுக்கும் என்ன உறவு?"

"எனக்கு ஐந்து வயதில் எங்கள் கப்பல் இந்த நாட்டுக் கடற்கரையில் உடைந்தது. கரையேறிய பதினேழு பேரைத் தொடவும் ஊரார் அஞ்சினார்கள். சேந்தனார்தான் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். மழைக்காலம் முடியும்வரை எங்களுக்குச் சோறு போட்டார். எங்கள் பிரார்த்தனையை நாங்கள் அங்கேயே சொல்லிக்கொள்ளவும் விட்டார். அவர் சிறையில் இருப்பது போன மாதம்தான் காதில் விழுந்தது."

"அதற்காகத் தனியாகக் கிளம்பி வந்தீர்களா?"

"வேறு யார் வருவார்கள்?"

நிலவறையில் சேந்தனார் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். தொழுமரத்தின் துளைகளிலிருந்து நீண்ட அவருடைய கணுக்கால்களிலும் புண் இருந்தது. எலிசுபா அவர் முன்னால் மண்டியிட்டு, பெட்டியிலிருந்து மிச்சமிருந்த தேனை எடுத்தாள். பொழிலன் அதைப் பார்த்ததும் சட்டென்று இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துத் தொழுமரத்தின் பூட்டைத் திறந்தான்.

"காவலர்கள் இப்போது உணவுச்சாலையில் இருக்கிறார்கள். நீர்வாசல் என் பொறுப்பு. தங்கள் படகு அங்கேதான் நிற்கிறது. எழுந்திருங்கள், ஐயா."

"தம்பி, உன் தலை போய்விடுமே!" என்றார் சேந்தனார்.

"இந்தக் கோட்டையில் என் தலைக்கு இனி வேலையில்லை" என்றான் பொழிலன்.

முதியவரைத் தோளில் தாங்கி அவன் படகில் ஏற்றினான். எலிசுபா பின்தொடர்ந்தாள். துடுப்பு நீரைத் தொட்டது. ஆனால் நீர்வாசலைவிட்டு வெளியேறும் எந்தப் படகும் அரண்மனை மாடத்தின் கீழாகத்தான் போக வேண்டும். மாடத்திலோ, வலி மறுபடி தலைகாட்டியதால் தூக்கமில்லாத மன்னர், சாளரத்தருகே கட்டிலை இழுத்துப்போடச் செய்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலவு பகல்போல் காய்ந்தது.

"பொழிலா! படகில் யார்?"

பொழிலன் துடுப்பை நிறுத்தினான். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் எழுந்து நின்றான்.

"சேந்தனாரும் கொல்லத்து வைத்தியரும், அரசே. மூன்றாமவன் பெயர் பொழிலன் அல்ல. காரிமலை அரசனின் ஒற்றன் இளவெயினன் நான்!"

"காரிமலையா? அவன் என் நண்பன்! நான் அவனுக்கு..."

"பொன் அனுப்பினீர்கள். அதைக்கொண்டு அவர் யானை வாங்கினார், வில் வாங்கினார், உங்கள் நீர்வாசலுக்கு என்னையும் வாங்கி அனுப்பினார். தெய்வத்தின் பொன்னையே தூக்கிக் கொடுக்கும் அரசனின் நாட்டைப் பறிப்பது சுலபம் என்று அவர் அன்றே சிரித்தார். இரண்டு வருடமாக உங்கள் மதில்களை அளந்துகொண்டிருந்தேன். உங்களை அளக்க ஒருநாள்கூடத் தேவைப்படவில்லை."

அப்போது சேந்தனார் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தலைநிமிர்ந்தார். அவர் குரலில் மட்டும் அன்றிரவு ஏளனம் இல்லை.

"சாத்தா! அந்த விடியலில் உன் பக்கத்தில் நின்றவன் நான். நீ அழுத அழுகையை என் காதால் கேட்டேன். அன்று அதைக் கேட்டருளிய வேலவர் இன்றும் இருக்கிறார். ஒரு வார்த்தை போதும். கால் குணமாகிறதோ இல்லையோ, நீ குணமாவாய். இப்போதே சொல்."

ஒரு கணம் பெருஞ்சாத்தரின் உதடுகள் அசைந்தன. நிலவொளியில் எலிசுபா அதைத் தெளிவாகக் கண்டாள். மேலே ஏறெடுத்துப் பார்க்கத்தான் போகிறார் என்று அவள் நம்பினாள். மன்னர் மெல்லத் தலையைத் திருப்பினார், அறைக்குள்ளே பார்த்தார்.

"யாரங்கே! கால் எரிகிறது. நக்கனாரைக் கூப்பிடுங்கள்!"

அம்பெய்யச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. படகு மாடத்தின் நிழலைக் கடந்து சென்றது.

வாசகர்களே, பெருஞ்சாத்தருடைய முடிவைச் சொல்லிவிட்டால் அவரை நாம் மறந்துவிடலாம். அடுத்த நாற்பதாவது நாள் அவர் இறந்தார். அன்று காலையும் நக்கனார், "நேற்றைவிடத் தேவலை" என்று அறிவித்திருந்தார். ஏழு வண்டிச் சந்தனமும் எண்ணற்ற வாசனைத் தைலங்களும் கொட்டி அவரை எரித்தார்கள். ஊரார் வெகுநாள்வரை அந்த மணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த மனிதரைப் பற்றி எவரும் பேசவில்லை.

நாம் படகுக்குத் திரும்புவோம். ஆறு அகன்று கழிமுகத்தை நெருங்கியிருந்தது. தொலைவில் கடலின் ஓசை கேட்டது. இளவெயினன் தன் மேலாடைக்குள்ளிருந்து ஓலைக்கட்டு ஒன்றை எடுத்தான்.

"இதில் கோட்டையின் ஒவ்வொரு வாசலும் இருக்கிறது" என்றான். "இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் காரிமலையில் எனக்குச் சேனாபதிப் பட்டம்."

"கொடுத்தால், அந்தக் கோட்டைக்குள் இருக்கும் குயவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள் எலிசுபா.

இளவெயினன் கட்டின் கயிற்றை அறுத்து, ஓலைகளை ஒவ்வொன்றாக முறித்து ஆற்றில் விட்டான். கடைசி ஓலையும் அமிழ்ந்தபின், ஈரக்கையைச் சேந்தனாரின் புண்பட்ட பாதங்களின்மேல் வைத்தான்.

"பொன் கொடுத்தவருக்கும் பொன் வாங்கியவருக்கும் இனி இந்தக் கை வேல் பிடிக்காது. உண்மை சொன்ன இந்தக் கால்களின்மேல் ஆணை!"

எலிசுபா துடுப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஆணையை நிறைவேற்றக் கை வலுவாக இருக்க வேண்டும். கொல்லம் வெகுதூரம், வலியுங்கள்" என்றாள். சொல்லிவிட்டு, அவன் தன் முகத்தைக் காண முடியாதபடி முக்காட்டைச் சற்று முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.