தூசி போய் நிற்கும் இடம்

கேட்காத பணம் வந்திருந்தது.

பல் செட் செய்யும் லேபின் பின்னறையில், மெழுகு உருக்கும் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி போனைத் திறந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். கிரிப்டோ வாலட்டில் புதிதாக ஒரு வரி. ஒரு மிட்டாய் வாங்கக்கூடத் தேறாத தொகை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள வால். யாரோ தப்பாக அனுப்பியிருப்பார்கள் என்று போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஈரப் பிளாஸ்டரின் வாடையும் அக்ரிலிக்கின் மூக்கைக் குத்தும் நெடியும் அறையை நிறைத்திருந்தன. ஜன்னல் வழியே சரிந்த சாயங்கால வெயில், அலமாரியில் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த வெள்ளை ஈறுகள்மேலும் பற்கள்மேலும் விழுந்துகொண்டிருந்தது. பதினாறு வருடமாக அந்த அறையில் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறாள். ஒருநாளும் அந்த அச்சுகள் அவளுக்கு வாய்களாகத் தெரிந்ததில்லை.

அன்று தெரிந்தன.

போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே பிளாஸ்டர் குழைப்பவருக்கு லேபில் மாவு அண்ணன் என்று பெயர். புருவம்வரை எப்போதும் வெள்ளையாக இருப்பார். தங்கைக்குப் பணம் அனுப்ப இந்த வாலட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"அண்ணே, இதைப் பாருங்க."

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று சுருங்கியது.

"தொடாதம்மா. இதுக்கு தூசின்னு பேரு. வீட்டுக்குள்ள யார் நடமாடுறாங்கன்னு தெரியணும்னா தரையில மாவைத் தூவி வைப்பான்ல, அந்த மாதிரி. அடுத்த தடவை நீ பணம் அனுப்புறப்போ இதுவும் கூடவே ஒட்டிக்கிட்டுப் போகும். எங்க போய் நிக்குதுன்னு அவன் உட்கார்ந்து பார்ப்பான்."

"நம்ம பேரே இதுல கிடையாதேண்ணே?"

"பேரு மட்டும்தான் கிடையாது. யார்கிட்டருந்து எங்க போச்சுங்கிறது ஊருக்கே திறந்து கிடக்கு. ஒரு இடத்துல பேரு தெரிஞ்சிட்டா போதும், நூல் பிடிச்சு வாசல்வரைக்கும் வந்துடலாம். இந்தத் துணுக்கை முடக்கி வை. தங்கச்சிகிட்ட ஒவ்வொரு தடவையும் புது வாலட் அட்ரஸ் வாங்கி அனுப்பு. பழசையும் புதுசையும் ஒண்ணாச் சேர்க்காத." கையை உதறிக்கொண்டு கேட்டார். "ஆமா, உங்களை யாரும்மா இப்படித் தேடுறது?"

அப்படித் தேடக்கூடியவன் ஒருவன் இருந்தான். அவன் செத்துப் பதினொரு வாரம் ஆகிறது.

தங்கையின் கணவன். வங்கியில் பணம் போகும் பாதைகளைக் கண்காணிக்கும் வேலை. தங்கை அவனைவிட்டு ஓடி வந்த அன்று, தன் முன்பற்கள் இரண்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். அக்காதான் ராப்பகலாக உட்கார்ந்து அவளுக்குப் புதுப் பற்கள் செய்து போட்டாள். அதன்பிறகு எந்த வங்கிக் கணக்கில் தங்கைக்கு ஒரு ரூபாய் போட்டாலும் இரண்டே நாளில் அவன் அவள் வாசலில் நின்றான். இரண்டு முறை வீடு மாற்றிய பிறகுதான் இந்த வழிக்கு வந்தார்கள். பிறகு ஒரு நாள் நெடுஞ்சாலையில் அவன் கார் லாரியின் அடியில் போனது. முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. நல்ல காலத்தில் அவன் கடைவாய்ப் பல்லுக்குத் தான் செய்துகொடுத்த உறையைப் பார்த்துத்தான் அக்கா அடையாளம் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே வந்து, அழாமல், ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். அதன்பிறகும் அக்காவும் தங்கையும் வங்கிப் பக்கம் போகவில்லை. பாம்பு செத்தாலும் அடித்த கம்பைக் கீழே போட மனம் வருவதில்லை.

வாலட்டில் பழைய வரிகளைப் புரட்டினாள். ஆறு நாளுக்கு முன்னும் ஒரு துணுக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மொத்தத்தையும் வழித்துத் தங்கைக்கு அனுப்பியபோது அதுவும் கூடப் போயிருந்தது.

உடனே தங்கையை அழைத்தாள்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். நாலு நாளா வாசல்ல யாரோ நிக்கிறாங்க."

"பார்த்தியா?"

"கதவு லென்ஸ்ல பார்த்தேன். இருட்டா இருக்கு. வெளிய லைட் எரியுதுக்கா, கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுது. லென்ஸ் மட்டும் இருட்டு. அந்தப் பக்கத்துலருந்து கண்ணை ஒட்டி வச்ச மாதிரி."

"கதவைத் தட்டினாங்களா?"

"இல்ல. டக் டக்குனு ஒரு சத்தம். போன்ல விரலால அடிக்கிற மாதிரி. விடாம."

"பையை எடு. அந்த வீட்டை விடு. போனை மாத்து, புது வாலட் போடு. பழசுலருந்து ஒரு தூசுகூட புதுசுக்குப் போகக்கூடாது. புரிஞ்சுதா?"

"அவருதான் செத்துட்டாரேக்கா."

"கிளம்புடி."

இரண்டு வாரம் அவள் மாவு அண்ணன் சொன்னபடியே செய்தாள். ஒவ்வொரு முறையும் புது அட்ரஸ். ஒரே நாளில் அனுப்புவதில்லை, ஒரே தொகை அனுப்புவதில்லை. தங்கையின் புது வாசலில் சத்தம் இல்லை. லென்ஸில் எதிர்வீட்டுக் கதவு பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் பழைய வாலட்டில் தூசி கொட்டியது. முதலில் நாளைக்கு ஒன்று. பிறகு மணிக்கு ஒன்று. குருடன் கை சுவரைத் தடவித் தடவிக் கதவைத் தேடுவதுபோல.

"ஏதாவது புரோகிராமை ஓட விட்டுட்டுச் செத்திருப்பான்மா," என்றார் மாவு அண்ணன். "முதலாளி செத்தது மெஷினுக்குத் தெரியுமா? விட்டுத் தள்ளு."

நம்பத் தோன்றியது. சனிக்கிழமை தங்கை பேசும்வரை நம்பினாள்.

"பழைய வீட்டுக்குப் புதுசா வந்தவங்க ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டாங்களாம்க்கா. அவங்க பொண்ணுக்கு ஏழு வயசு. ஏதோ பார்த்திருக்கு. அன்னையிலருந்து பேசவே மாட்டேங்குதாம். வாயையே திறக்கலையாம்."

அவள் போனை வைத்தாள். அடுப்பு மேடையில் கையூன்றி வெகுநேரம் நின்றாள். பயம் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்று, பல்லைக் கடிக்க வைக்கும் ஒன்று, கொதித்துக்கொண்டு வந்தது. தங்கையை மறைத்தாகிவிட்டது. மறைத்ததால் அது எவன் வீட்டுக் குழந்தையிடமோ போய் நிற்கிறது. தடம் எங்கே முடிகிறதோ அங்கே போகும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அப்படியானால் தடத்தை எங்கே வேண்டுமானாலும் முடிக்கலாம்.

ஞாயிறு மாலை, மழைக்கு முன்னால், முடக்கி வைத்திருந்த தூசியை எல்லாம் விடுவித்தாள். எண்பத்திரண்டு துணுக்குகள். அத்தனையையும் ஒன்றாகக் கூட்டி, கிரிப்டோ வாங்குவதற்காகத் தன் பெயரும் புகைப்படமும் கதவு எண்ணும் கொடுத்துத் திறந்திருந்த கணக்குக்கு அனுப்பினாள். எட்டு மாதம் பொத்தி வைத்ததை ஒரே தொடுதலில் நடுத்தெருவில் விரித்துப் போட்டாள்.

"அவளை ஓட விட்டது போதும். இங்க வா," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தாள். நான்காம் மாடி. நீண்ட நடைவழி. கதவின் பின்னால், சுவரோடு ஒட்டி, சாவிக்கொத்தைக் கைக்குள் இறுக்கியபடி நின்றாள். மழை தொடங்கியது. ஜன்னல் தகரத்தில் அது பெய்யும் சத்தம், கீழ்வீட்டுக் குழாய் சொட்டும் சத்தம், யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம். ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் மழையும்.

லிஃப்ட் நின்றது. யாரும் இறங்கும் ஓசை இல்லை.

நெடி முதலில் வந்தது. கருகிய ரப்பர். பெட்ரோல்.

டக். டக். டக்.

நடைவழி விளக்கு ஒன்று அணைந்தது. அடுத்தது. அடுத்தது.

கதவின் விளிம்பைத் தாண்டி ஒரு தோள். போனின் நீல வெளிச்சத்தில் ஒரு கட்டைவிரல். நிற்காமல் அசையும் கட்டைவிரல். அது அவளைக் கடந்து உள்ளே போனது. கூடம். சமையலறை. பீரோக் கதவு திறந்தது. மூடியது. கட்டிலுக்கு அடியில் ஏதோ உரசியது. அது தங்கையைத் தேடியது.

இப்போது ஓடலாம். படி பத்தடி தூரம்தான்.

அவள் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். பூட்டினாள். தாழ்ப்பாளும் போட்டாள். சாவிக்கொத்தை ஜன்னல் கம்பி வழியே வெளியே விட்டெறிந்தாள். அது கீழே தண்ணீரில் விழும் சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள்.

பிறகு படுக்கையறை வாசலுக்குப் போய் நின்றாள். அவன் உயிரோடு இருந்தவரை தம்பி என்று மட்டுமே கூப்பிட்டிருந்தாள்.

"அவ இங்க இல்லடா," என்றாள். "இனி உன் கண்ணுக்கு எங்கேயுமே இல்ல. தடம் இங்க முடியுது. என்கிட்ட."

அறையின் மூலையில், சுவரைப் பார்த்தபடி அது நின்றிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கட்டைவிரல் நின்றது.

முதல் முறையாக, சத்தமே இல்லை.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

கழுத்து அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது. மெதுவாக. தோளைத் தாண்டியும் திரும்பியது. உடம்பு அப்படியே சுவரைப் பார்த்து நின்றது.