வெயில் தின்னும் பாசி

பெட்டியிலிருந்த ஐஸ் கரையவில்லை. ருக்மணி மூடியைத் தூக்கி, மரத்தூளை ஒதுக்கி, கட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். போன வாரம் விரலைக் கீறிய முனை இன்றும் அதே கூர்மையோடு இருந்தது. ஆற்றோரத்து ஐஸ் கம்பெனியில் எண்ணெய் இல்லாமல் எந்திரம் நின்றுபோய்ப் பல நாளாகிவிட்டது. அங்கே வேலை பார்த்த அவள் கணவன் தெய்வநாயகம் புது ஐஸ் எதுவும் கொண்டுவரவில்லை. காஜா பேராங் கிராமம் முழுக்க வெயில் கொளுத்த, கூரைத் தகரம் சூட்டில் முறுகிச் சத்தம் போட, இந்தப் பின்னறையில் மட்டும் தரை ஜில்லென்றிருந்தது. கடல் வாடை அடித்தது. மலாக்காக் கரையின் சேறும் மீனும் கலந்த வாடையல்ல; இரும்பை நக்கினாற்போல நாக்கில் ஒட்டுகிற வாடை.

இந்தக் கட்டியைக் கொடுத்தது கம்பெனிக்கு வந்துபோன ஒரு ஜப்பான்காரர். கடல் ஆராய்ச்சிக்காரர் என்று சொன்னார்கள். அவரைத் திடீரென்று வேறு கப்பலில் ஏற்றிவிட்டார்கள். போகுமுன் அவர் தெய்வநாயகத்திடம், வடக்கே கடலே உறைந்துபோகும் ஊரிலிருந்து வெட்டி வந்தது, உருகவிடாதே, வெளிச்சம் காட்டு என்று கையைக் காலை ஆட்டிப் புரியவைத்திருந்தார்.

"உள்ளே பாரு, பழுப்பா இருக்கே, அது பாசி," என்று அன்றைக்குத் தெய்வநாயகம் காட்டினான். தலைமுறைகளாக வீட்டில் மலாயே பேசும் மலாக்காச் செட்டிகளில் வளர்ந்தவன் அவன். அவளிடம் மட்டும் யோசித்து யோசித்துத் தமிழ் பேசுவான். "ஐஸுக்குள்ள மயிர் மாதிரி ஓட்டை இருக்கு, அதுல உப்புத் தண்ணி. அதுக்குள்ள இது உயிரோட இருக்கு. மண்ணு வேணாம், வேர் வேணாம். மரத்து இலை வெயிலைத் தின்னு சோறாக்குது இல்ல? அதே வேலைதான். ஆனா பனிக்கு அடியில எவ்வளவு வெளிச்சம் வந்துடப் போவுது? துளி. அந்தத் துளியிலயே வாழுது."

"வெயில்ல வெச்சா?"

"செத்துடும். துளிக்குப் பழகினதுக்கு ரொம்பக் குடுத்தா கருகிடும்."

அந்த ஒரு வார்த்தையை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

குண்டு போடும் விமானத்துக்குப் பயந்து எல்லா வீட்டு ஜன்னலிலும் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். தெய்வநாயகம் தினமும் மத்தியானம் பின்னறைக்குள் போய், துணியின் ஓரத்தை ஒரு விரலளவு விலக்கி, அந்தக் கோட்டு வெளிச்சம் கட்டியின்மேல் விழும்படி உட்கார்ந்துகொள்வான். மெதுவாகப் பேசுவான். அவளுக்குப் பாதிதான் புரிகிற அந்த மலாயில், கொஞ்சலாக, நடுவே சிரித்து. ருக்மணியிடம் அவன் அப்படிச் சிரித்ததில்லை. ஒரு தடவை கதவிடுக்கில் காதை வைத்தபோது ஒரு பெயர் கேட்டது.

பாக்கியம். அவனுடைய முதல் மனைவி. இதே பின்னறையில், இதே ஜன்னலுக்குக் கீழே, காய்ச்சலில் போனவள்.

"உன் சக்களத்தி எப்படி இருக்கா?" என்று கிணற்றடியில் அஞ்சலை கேட்டாள். பக்கத்துத் தெருத் தமிழ்க்காரி. வாய் சும்மா இருக்காது. "ஊர்ல ஆம்பிளைங்க சூடான பொம்பளையத் தேடிப் போறானுங்க. உன் புருஷன் ஐஸைக் கட்டிக்கிட்டு அழுவுறான்."

"வாய மூடு அக்கா."

"நா மூடிடுவேன். நீதான் அந்தப் பொட்டிய மூடணும்."

ருக்மணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தபோது, ரப்பர் தோட்டத்தில் லாரி ஏறும் முன்பு அவள் அப்பா அவசர அவசரமாக அவளை இந்த மனைவியில்லாதவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அப்பா திரும்பவில்லை. தோட்டத்து வீட்டில் இப்போது வேறு யாரோ. இந்த மனுஷனும் கையை விட்டுப் போனால் அவளுக்கு நிற்க இடமில்லை.

ஜப்பான்காரன் காலத்து இரண்டாவது போகி வந்தது. போகிக்குச் செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்குப் பர்ச்சு படைப்பார்கள். ஆளுக்கொரு வாழையிலை போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே அவர்கள் சாப்பிடுவார்கள். பார்க்கக் கூடாது. அந்த நேரத்தில் அறைக்குள் எது இருந்தாலும், எது போனாலும், அது அவர்களுக்கு வைத்தது.

இந்த வீட்டில் பர்ச்சு பின்னறையில்தான். அரிசி ஒரு பிடி, மிச்சம் மரவள்ளி, கங்குங் கீரை, கருவாடு. ருக்மணியே இலை போட்டாள். மாமனாருக்கு, மாமியாருக்கு, கொழுந்தனுக்கு. பாக்கியத்துக்குப் போடவில்லை.

தெய்வநாயகம் வாசற்படியில் நின்று, சாம்பிராணிப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எல்லாருக்கும் போட்டாச்சா?" என்றான்.

"போட்டாச்சு."

கதவைச் சாத்தினான். அதன் முன்னால் கை கட்டி, கண் மூடி உட்கார்ந்தான். நடுப்பகல். ருக்மணி செருப்பில்லாமல் பின்முற்றத்துக்கு நடந்தாள்.

இலை போடாமல் பாக்கியத்தைப் பட்டினி போட்டாயிற்று. இனிக் கருக்கிவிட வேண்டும். துளியில் வாழ்வதற்கு மொத்த வெயிலையும் ஊற்றிவிட வேண்டும். ஜன்னல் பலகையைத் திறந்து, ஆணியோடு கறுப்புத் துணியைப் பிய்த்தாள். உச்சி வெயில் அவள் தோள்மேல் ஏறி உள்ளே பாய்ந்தது.

பாயவில்லை.

வெயில் ஜன்னல் கட்டையில் நின்றது. கட்டைக்கு அந்தப் பக்கம், ஆழக் கிணற்றுத் தண்ணீர்போல் பழுப்பும் பச்சையுமாக ஓர் இருட்டு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சுடர் தெரிந்தது, ஆனால் அதைச் சுற்றி வெளிச்சம் இல்லை. சுடர் பெட்டியின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. காற்றில்லாமல். ருக்மணி நன்றாகப் பார்ப்பதற்காக ஜன்னல் கட்டையில் கையை ஊன்றித் தலையை உள்ளே நீட்டினாள். மூக்கில் குளிர் ஏறியது. மூன்று இலைகளிலும் சோறு அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை.

பெட்டி மூடி திறந்திருந்தது.

யாருக்கு இலை போட்டாளோ அவர்கள் வரவில்லை. வந்தவளுக்கு இலை இல்லை. அவளுக்கு இப்போது ருக்மணியே வெயிலைப் படைத்திருந்தாள்.

ஐஸ் புரண்டது. பெரிய கட்டி, மெதுவாக, தூக்கத்தில் ஆள் திரும்பிப் படுப்பதுபோல. இத்தனை நாளும் அவள் பார்த்தது மேல்புறம். அடிப்புறம் இப்போது ஜன்னலைப் பார்த்தது.

மயிர்.

ஈரமாக, கருப்பாக, பழுப்பாக. கை நீளம். ஆள் நீளம். நடுவே வகிடு. வகிடு எடுத்த மாதிரியல்ல, எடுத்தே இருந்தது. நேராக.

கதவுக்கு வெளியே தெய்வநாயகம் இருமினான். முடிந்ததா என்று கேட்கிற இருமல். இருமிவிட்டுத் திறப்பான்.

"திறக்காதீங்க!" என்று ருக்மணி கத்தினாள். குரல் வாயைத் தாண்டவில்லை. தண்ணீருக்கடியில் கத்தினாற்போல.

கதவு திறந்தது. அவன் உள்ளே வந்தான். பயப்படவில்லை. ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்ததை அவன் பார்க்கக்கூட இல்லை. பெட்டியருகே சம்மணமிட்டான். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சீப்பை எடுத்தான். அவன் கையில் தினமும் பழகிய சீப்பு. பற்களில் ஏற்கெனவே பழுப்பு ஏறியிருந்தது.

நுனியிலிருந்து தொடங்கினான். சிக்கு வந்த இடத்தில் நிறுத்தி, விரலால் பிரித்து, வலிக்காமல். அவ்வளவு பொறுமையாக. ருக்மணியின் நெஞ்சுக்குள் பயத்துக்கும் மேலே அது குத்தியது. ஒரு நாள்கூட அவன் தன் தலையைத் தொட்டதில்லை.

மயிர் சீப்பிலிருந்து நழுவியது. வெளிச்சத்தைத் தேடும் கொடிபோல் நிமிர்ந்தது. தரையில் ஊர்ந்தது. சுவரில் ஏறியது. ஜன்னல் கட்டை.

தலையை வெளியே இழுத்தாள். கை வரவில்லை.

அவள் மணிக்கட்டில் வெயில் விழுந்த இடத்தின்மேல் அது படுத்தது. குளிர். கடிக்கவில்லை, இறுக்கவில்லை. வெயிலை மட்டும் உறிஞ்சியது. அது படுத்த இடமெல்லாம் தோல் இருண்டது. நிழல் விழுந்த மாதிரியல்ல. அங்கே கையே இல்லாத மாதிரி. முழங்கை. தோள். முற்றத்தில் வெயில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே அவன் சீவிக்கொண்டிருந்தான். சிரித்துப் பேசியபடி. அவள் பக்கம் திரும்பாமல்.