மனசுதானாம்

நிழற்பள்ளத்தில் எல்லோரும் தங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் தலைக்கவசம் மாட்டுவார்கள்.

"கொஞ்ச நாளா செத்துப்போலாம்னே இருக்குதுங்க," என்றாள் நாச்சாத்தாள், கையுறையை இழுத்துவிட்டபடி.

"மருத்துவப்பொறிகிட்ட நீலக்கயிறு கட்டிக்கிட்டு கீரை அறைக்குப் போ புள்ள. ராக்கி துணைக்கு உன்கூடவே இருப்பா, ராத்திரி படுக்கறதும் உன் பக்கத்துலதான்," என்றார் மேஸ்திரி.

வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராக்கி மட்டும் வரிசையைவிட்டு வந்து தன் சோற்று டப்பாவை அவள் கையில் வைத்தாள்.

நிலாவின் தென்கோடியில் வெயில் எட்டாத பள்ளம் அது. பாறையோடு இறுகிய பனியை வெட்டி நீராக்குவதுதான் அங்கே பிழைப்பு. முதலில் வந்திறங்கிய கொங்குநாட்டுக் கூலிக்காரர்களில் அந்த இருட்டில் மனம் கலங்காதவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் வந்த நோயை யார் யாரிடம் மறைப்பது? சளி பிடித்ததைச் சொல்வதுபோலச் சொல்லப் பழகினார்கள். மணிக்கட்டில் நீலக்கயிறு கட்டியவருக்குக் கீரை வளர்க்கும் அறையில் இலகுவான வேலை, பேச்சுத்துணை, மருந்து.

உடம்பு நோய் வேறு கதை. உடம்பு கெட்டவனுக்கும் மூச்சுக்காற்றில் பங்கு தரவேண்டும். அவன் வேலையையும் மற்றவர்களே இழுக்கவேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். 'உடம்புக்காரன்' என்பது அங்கே வசைச்சொல்.

துளைக்கருவியைப் பிடித்தால் செங்கோடனுக்கு நெஞ்சைப் பிசைந்தது. இடது கை மரத்துப்போனது. மேஸ்திரி கேட்கும்போதெல்லாம், "மனசு பாரமா இருக்குதுங்க" என்று சொல்லிவந்தான். மறுநாள் மகள் வஞ்சிக்கு நிச்சயம்.

"ஏனுங்க, சும்மா சும்மா கையைத் தேச்சுக்கிறீங்க. சம்பந்தி வீட்டார் கண்ணு அதுமேலதான் இருக்குது," என்றாள் மனைவி பழனாத்தாள். "மனசுன்னா போயிக் கயித்தைக் கட்டிக்கிட்டு வாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மனசுதானுங்களே?"

"பின்னென்ன?"

மருத்துவப்பொறி புதியது, பூமியில் பாடம் படித்து வந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, செங்கோடன் முதன்முதலாக உண்மையைச் சொன்னான்.

"நெஞ்சு வலிக்குதுங்க. மெய்யாலுமே நெஞ்சுதான்."

"இதயத்தைச் சோதிக்கலாம். ஆனால் உடல் சோதனை செய்துகொண்டவர் பெயர் பொதுப்பலகையில் வரும். உங்கள் ஊர்ச்சபை வைத்த விதி."

செங்கோடன் அவிழ்க்கப்போன சட்டைப் பொத்தானை விட்டுவிட்டான்.

"இன்னொன்றாகவும் இருக்கலாம்," என்றது பொறி. "பூமியில் உங்கள் ஆட்கள் நெஞ்சை அடைக்கிறது, கை மரக்கிறது என்று வந்தால், பல சமயம் உள்ளே இருப்பது துக்கம். அப்படித்தான் எனக்குக் கற்பித்திருக்கிறார்கள்."

"துக்கம்னா துக்கம்னு சொல்றதுக்கென்னவாம்?"

"சொன்னால் பைத்தியம் என்பார்கள். பெண்ணுக்கு வரன் அமையாது. அதனால் பழியை உடம்பின்மேல் போட்டுவிடுவார்கள். வயிற்றுக்கும் தலைக்கும் மருந்து தின்றே காலத்தை ஓட்டியவர்கள் உண்டு."

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கண்ணாலத்துக்காக நோவையே மாத்திச் சொல்லுவாங்களா? நல்ல கிறுக்குப் பசங்க."

சிரித்ததில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. மேசையைப் பற்றிக்கொண்டு நின்றான்.

"சோதிக்கட்டுமா, துக்கம் என்று வைத்துக்கொள்ளட்டுமா?" என்றது பொறி. "சொல்லவேண்டியது நீங்கள்தான்."

அவன் மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"துக்கந்தானுங்க," என்று கயிறு கட்ட வலது கையை நீட்டினான்.

மறுநாள் நிச்சயத்தில் சம்பந்தியின் கண் நேராக அவன் மணிக்கட்டுக்குப் போனது. கயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"அட, மனசுதானா சம்பந்தி? நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். நாலு பேர்கிட்டப் பேசினா சரியாப்போயிருமுங்க."

பழனாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி தாம்பாளத்தைத் தூக்கி நீட்டினார். செங்கோடனும் சிரித்தபடி இரண்டு கைகளாலும் வாங்கினான். தட்டின் கனம் வலது கைக்கு மட்டும் தெரிந்தது.