மிக்கேல் சம்மனசின் வலது கால்

இப்போதெல்லாம் யாரும் சாமியை நேராகப் பார்ப்பதில்லை. போனில் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் வைத்துப் பார்க்கிறார்களாம். கண் எதற்கு இருக்கிறதோ என்று முனகிக்கொண்டே பெயிண்டர் பிச்சமுத்து சாரத்தில் ஏறினார். அரியமங்கலத்தின் அந்தச் சின்ன மாதா கோயில் சுவரில் மிக்கேல் சம்மனசை, சாத்தானை மிதிக்கும் அந்தத் தேவதூதரை, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வரைந்தவர் அவர்தான். ஒரு கையில் வாள், மறு கையில் தராசு, வலது காலடியில் சாத்தான்.

சாத்தானின் கண்கள் திறந்திருந்தன.

அவர் திறக்கவில்லை. கடைசியில் கண் திறந்தால்தான் உருவத்துக்கு உயிர் என்பது அவர் பழகிய தொழில். சாத்தானுக்கு உயிர் எதற்கென்று இமையை மூடியே விட்டிருந்தார்.

இன்னொன்றும் செய்திருந்தார். படம் வரைந்த அந்த வாரம்தான் மகள் வேணி வேதக்காரன், கிறிஸ்தவன் ஜோஸைக் கட்டிக்கொண்டு போனாள். ஆத்திரத்தில் அவள் முகத்தையே காலடியில் போட்டுக் கொம்பு வைத்தார். போன ஐப்பசியில் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். அதுவரை அவளிடம் அவர் பேசவில்லை. திருவிழாவுக்குப் படத்தைப் புதுப்பிக்கக் கோயிலில் கூப்பிட்டதும் அவர் வந்தது, அந்த முகத்தை அழிக்கத்தான்.

“மாமா, டீ.” கீழே ஜோஸ் நின்றான்.

“உன்னை எவன் கொண்டாரச் சொன்னான்?”

“நானாத்தான் வந்தேங்க.” அவன் சுவரைப் பார்த்தான். “வேணி வாராவாரம் இது முன்னாடி நிப்பா. அப்பா என்னைய மறக்கலை, பாரு, வரைஞ்சு வச்சிருக்காருன்னு சொல்லுவா.”

“அது சாத்தான்டா.”

“அவளுக்குத் தெரியும் மாமா.”

டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கரண்ட் போய் மின்விசிறி நின்றதும், டர்பன்டைனும் உருகிய மெழுகும் வாடிய மல்லிகையும் கலந்த அந்த மதிய வெக்கையில், கூரைத் தகரம் முறுகும் சத்தத்துக்கு அடியிலிருந்து மெல்லியதாக ஒரு இழுப்பு கேட்டது. வேணி சின்ன வயதில் பனிக்காலத்தில் இழுப்பாளே, அதே விசில்.

புறா, என்று சொல்லிக்கொண்டார். முகத்தின்மேல் நீலத்தை அப்பினார். ஈரப் பெயிண்ட் வாய் இருந்த இடத்தில் உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே.

இன்னொரு கை பெயிண்ட் அடித்தார். இன்னொன்று.

இழுப்பு நிற்கவில்லை.

“விடுப்பா அவளை.” யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சம்மனசின் வலது காலை அழித்தார். விரல்களை. குதிகாலை. கணுக்கால்வரை நீலம்.

இழுப்பு நின்றது.

நீலத்துக்குள்ளிருந்து வேணியின் கண்கள் அவரைப் பார்த்தன. பிறகு மெதுவாக மூடிக்கொண்டன. பால் குடித்துத் தூங்கும்போது மூடுவாள், அப்படி.

சாரத்தில் உட்கார்ந்து அழுதார். பிரஷ்ஷைக்கூடக் கழுவாமல் இறங்கினார்.

தரையில் ஒரு காலடி. ஈர நீலம். வலது கால் மட்டும். அதற்கு முன்னால் இன்னொன்று, அதுவும் வலது. வாசலை நோக்கி.

“எவனோ பெயிண்டை மிதிச்சிருக்கான்.”

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் ஒற்றைக் காலின் ஈரச் சத்தம். சுவரில் இருப்பது சுவரில்தான் இருக்கும். திரும்பவில்லை. பிடரியில் குளிர்ந்த ஐந்து கால்விரல்கள் அழுந்தின. வெயில்தான் என்று நடந்தார், வேணியைப் போலவே மூச்சு இழுக்க இழுக்க.