நான்காவது பெட்டி, இடது பக்கம்

எசன் நகரத்து நவம்பர் மழையில் குடை பிடித்தாலும் நனையலாம், பிடிக்காவிட்டாலும் நனையலாம். வசந்த்குமார் பிடிக்காத கட்சி. கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை... குடையை டிராமில் விட்டுவிட்டான்.

ஓபரா அரங்கின் பின்வாசலில் ஒதுங்கி நின்றான். எதிர் வீட்டு பால்கனியில், உலகக் கோப்பை முடிந்து நாலு மாதமாகியும் யாரும் கழற்றாத ஒரு கொடி, பிழியாத துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரும்பு ஏன் விரிசல் விடுகிறது என்று ஆராய்ச்சி செய்ய மதுரையிலிருந்து வந்தவன் அவன். வந்து ஒன்றரை வருஷம். இந்த ஊர் வானத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் இரும்பென்ன, எதுவும் விரிசல் விடும் என்பது வரை கண்டுபிடித்திருந்தான்.

அப்போதுதான் அவள் வந்தாள்...

தலையை மழைக்கோட்டு மூடியிருந்தது. மூக்குவரை கழுத்துத்துணி. நடுவே இரண்டு கண்கள் மட்டும். இமை நுனியில் ஒரு துளி நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்களுக்கு யோசிக்கும் பழக்கமே இல்லை போலும். நேராக வந்து அவன் தோளில் இடித்தன... அதாவது, அவள் இடித்தாள்.

"ஆத்தாடி... ஈபி ஜீப்பு மாதிரியில்ல வருது!" என்றான் தனக்குள். தனக்குள் என்றுதான் நினைத்தான்.

"வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டால் ஜீப் மட்டுமில்லை, டிராமும்தான் இடிக்கும். விலத்துங்கோ!"

தமிழ்! மழையை விடச் சில்லென்று இருந்தது.

"சாரிங்க... நீங்க தமிழ்னு தெரியாம..."

"தெரிஞ்சிருந்தால் மரியாதையாய்த் திட்டியிருப்பியளோ? அதென்ன ஈபி ஜீப்?"

"கரண்ட் திருடறவங்களப் பிடிக்க வர்ற ஜீப்புங்க. எங்க ஊர்ல அதவிட பயங்கரமான வண்டி கிடையாது."

கண்கள் லேசாகச் சுருங்கின. சிரித்தாளா, முறைத்தாளா... கழுத்துத்துணிக்குப் பின்னால் நடந்தது கழுத்துத்துணிக்கே வெளிச்சம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவனும் போனான். உள்ளே கதகதப்பாக இருந்தது, ஒரு வரிசையும் இருந்தது. வரிசையைக் கண்டால் நிற்பது நம் இரத்தத்தில் ஊறியது. நின்றான். ஒருவர் வந்து ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டார். வசந்த்குமாரிடம் எல்லா ஜெர்மன் கேள்விகளுக்கும் ஒரே பதில்தான்: "யா." தோளை அளந்தார்கள். உயரத்தை அளந்தார்கள். கால் மணி நேரத்தில் அவன் அடுத்த ஓபராவில் சவப்பெட்டி தூக்குபவன் ஆகியிருந்தான். ஐந்து பெட்டிகளில் நான்காவது. இடது பக்கம், முன்னால்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் சொல்லவில்லை. அவன் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம்.

* * *

அவள் பெயர் இமெல்டா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, நாலு வயதில் எசனுக்கு வந்து, இங்கேயே சங்கீதம் படித்தவள். வேலை, எழுத்து போடுவது. ஓபராவில் பாடுவது இத்தாலிய மொழியில். பார்க்க வருபவர்கள் ஜெர்மன்காரர்கள். அதனால் மேடைக்கு மேலே நீளமாக ஒரு கறுப்புத் திரை. பாடப் பாட, அர்த்தம் அதில் வரி வரியாக வரும். தானாக வராது. அரங்கின் கடைசியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இமெல்டா உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொத்தானை அழுத்துவாள்.

அந்த ஓபராவின் கதை இவ்வளவுதான். ஊரே நடுங்கும் ஒரு பிரபு குலத்துப் பெண். விஷம் வைப்பதில் பேர் போனவள். அவளுக்கு ரகசியமாக ஒரு மகன். தாய் யார் என்று அவனுக்குத் தெரியாது. தன்னை அவமதித்த ஐந்து பேருக்கு விருந்து வைத்து விஷம் கொடுக்கிறாள், ஐந்து சவப்பெட்டிகளையும் கொண்டுவந்து காட்டுகிறாள். விருந்தில் ஆறாவதாக மகனும் குடித்திருக்கிறான்... அவன் சாகும்போதுதான் சொல்கிறாள், நான் உன் தாய் என்று.

சிரிக்க இடமில்லாத கதை. ஆனாலும் வசந்த்குமார் முதல் ஒத்திகையில் சமாளித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், முதல் காட்சியை ஆடிப் பார்க்கும்வரை.

முதல் காட்சியில் மகன் ஒரு பெஞ்சில் தூங்குகிறான். கூட்டம் கலைகிறது. முகமூடி அணிந்த தாய் வந்து, குனிந்து, அவன் முகத்தையே பார்க்கிறாள்...

பெட்டி தூக்குபவர்களுக்கு இந்தக் காட்சியில் கூட்டத்தில் நிற்கும் வேலை, கலைய வேண்டியவர்களில் வசந்த்குமாரும் ஒருவன். அவன் கலையவில்லை. மேடை நடுவில் அப்படியே நின்றான். இயக்குநர் ஜெர்மன் மொழியில் கத்தினார். பிறகு ஆங்கிலத்தில் கத்தினார். கடைசியில் பக்கத்துப் பெட்டிக்காரன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கன்டீனில் காப்பிக் கோப்பையோடு இமெல்டா எதிரில் வந்து உட்கார்ந்தாள். கழுத்துத்துணி இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறான். கண்களுக்குக் கீழேயும் ஒரு முகம் இருந்தது... நன்றாகவே இருந்தது.

"ஏன் மரம் மாதிரி நிண்டனீங்கள்?"

"தூங்கறவன் நெஜமா தூங்கறானான்னு பாத்தேங்க."

"பகிடி விடாதேங்கோ."

அவன் காப்பியைக் கலக்கினான். சர்க்கரை போடாத காப்பி. கலக்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

"எனக்கு ஒரு சித்தி இருக்காங்க. சந்திரா சித்தி. ஈபி ஜீப்புன்னு சொன்னேனே, அந்த ஜீப்புல முன் சீட்டு அவங்கதான். அவங்க தெருமுனையில திரும்பினா, திருட்டுக் கொக்கியெல்லாம் தானா கழண்டு விழும்பாங்க. கல்யாணம் பண்ணிக்கல. கேக்கற தைரியம் எந்தத் தரகருக்கும் வரல."

"சரி..."

"பிளஸ் ஒன் படிக்கறப்ப எனக்கு மஞ்சள் காமாலை. ஒரு மத்தியானம் கண்ண மூடிட்டு கெடந்தேன். தூங்கறேன்னு நெனச்சு, பக்கத்துல வந்து உக்காந்தாங்க. நெத்தியில கை வச்சாங்க. 'அம்மா இங்கதான்டா இருக்கேன்'னாங்க..."

இமெல்டா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா, அதாவது அவங்க அக்கா, அன்னிக்கு ஊர்லயே இல்ல."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"தூங்கிட்டேன்."

"பொய்."

"தூங்கற மாதிரி இருந்தேன். பத்து வருஷமா அப்படியேதான் இருக்கேன். அவங்களாச் சொல்லட்டும்னு."

மழை கன்டீன் கண்ணாடியில் வழிந்துகொண்டே இருந்தது.

"என்ர வேலையில ஒரு சட்டம் இருக்கு. பாடுறதுக்கு முன்னம் எழுத்து வரக்கூடாது. வந்தால் சனம் முன்னமே அழுதிடும்."

"பாடலேன்னா?"

"பாடாட்டில் பொத்தானை அமத்தமாட்டன். திரை கறுப்பாய்த்தான் கிடக்கும்."

"எங்க வீடும் அப்படித்தாங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காத அந்தக் கண்களை அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான். இரும்பின் விரிசலைப் பற்றி ஒரு வரி கூட ஓடவில்லை...

* * *

அதன்பிறகு ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு காப்பி. ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு சண்டை. இட்லிக்குச் சாம்பாரா, தேங்காய்ச் சம்பலா என்பதில் மட்டும் மூன்று நாள் போயிற்று. அவன் "ரொம்ப" என்றால் அவள் "கன" என்பாள். "பேசறேன்" என்றால் "கதைக்கிறன்" என்பாள். குடை வாங்க மறந்துகொண்டே இருந்தான் அவன். அவள் குடையில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

ஆட்டம் தொடங்கி இரண்டாம் வாரம், டிராம் நிறுத்தத்தில், அதே குடைக்குள், அவள் சொன்னாள்:

"எனக்கு ஹம்பர்க்கில நிரந்தர வேலை கிடைச்சிருக்கு. இந்த ஆட்டம் முடிஞ்சதும் போறன்."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் அந்தக் கண்களை அவன் பார்த்ததே இல்லை. அவை எதையோ எதிர்பார்த்தன. எதை என்று அவனுக்குத் தெரியும். வேலைக்குப் போகாதே என்று அல்ல... போவதற்கு முன் ஒரு வார்த்தை. நெஞ்சுக்குள் இருந்தது. தொண்டைக்குள்ளும் வந்தது. அவள் முதலில் சொன்னால் என்ன, என்றும் ஒரு எண்ணம் வந்தது.

"நல்ல ஊருங்க," என்றான் வசந்த்குமார். "துறைமுகம் இருக்கு."

இமெல்டாவின் கண்ணில் ஏதோ ஒன்று அணைந்தது. ஈபி ஜீப்பே வந்து பியூஸைப் பிடுங்கியது போல.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் வேற ஆராவது முதல் பாடோணும், என்ன? சித்தியும் பாடோணும், நானும் பாடோணும். நீங்கள் சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடப்பியள்." குடையை அவன் கையில் திணித்தாள். "வச்சிருங்கோ. துறைமுகத்தில வேற வாங்கலாம்."

மழைக்குள் நடந்து போய்விட்டாள். குடைக்கு அடியில் தனியாக நின்றான். முதல் முறையாக நனையாமல் வீட்டுக்குப் போனான். இவ்வளவு கேவலமாக அவன் என்றுமே நனைந்ததில்லை.

பிறகு காப்பி இல்லை. சண்டை கூட இல்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம். விருந்து, விஷம், சவப்பெட்டிகள். நான்காவது பெட்டியின் இடது பக்கத்தில் கறுப்பு அங்கியோடு நின்றான். மேலே இருக்கும் திரை மேடையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் முன்வரிசை முகங்கள் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் அந்தத் தலைகள் சற்று நிமிர்ந்து, படித்துவிட்டு, இறங்கும்.

மகன் துடிக்கிறான். தாய் அவனை மடியில் கிடத்தி, அந்த வரியைப் பாடினாள்.

தலைகள் நிமிர்ந்தன... நிமிர்ந்தபடியே இருந்தன. இறங்கவில்லை. அடுத்த வரிக்குத்தான் இறங்கின, அதற்கடுத்த வரிக்கும் நிமிர்ந்து இறங்கின. அந்த ஒரு வரி மட்டும் வரவே இல்லை. அத்தனை பேர் நடுவில், நான் உன் தாய் என்று ஒருத்தி அலறியது யாருக்கும் புரியாமல் போயிற்று.

ஆட்டம் முடிந்து, மேலாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இமெல்டா பின்வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"பொத்தானை அமத்தேலாமல் போட்டுது."

"ஏன்?"

"உங்கட சித்தி ஞாபகம் வந்திட்டா." நின்றாள். "அந்த மகன் சாகேக்கையாவது கேட்டிட்டான். உங்கட சித்திக்கு அதுவும் இல்லை... பாவம், அவ எத்தினை வருசமாய் வாயை மூடிக்கொண்டு இருக்கிறா. உங்கட ரோசத்துக்காக." பேருந்து வந்தது. ஏறிவிட்டாள்.

* * *

சனிக்கிழமை கடைசி ஆட்டம். பகலில், சோதிலிங்கம் அண்ணையின் தமிழ்க் கடைக்குப் போனான். முன்னால் முருங்கைக்காய், உறைந்த மீன், அரிசி மூட்டை. பின்னால் வெளிநாட்டுக்குப் பேச இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். இரண்டாவது கூண்டின் கதவு சாத்தாது. முதலாவதில் ஆள் இருந்ததால் இரண்டாவதில் நுழைந்தான்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் சித்தி அவன் வீட்டில்தான் இருப்பாள். போனை அவள்தான் எடுப்பாள். சாப்டியா, ஸ்வெட்டர் போட்டியா என்று இரண்டே கேள்வி. "இரு, அம்மாகிட்ட தரேன்." ஒன்றரை வருஷமாக மாறாத வரிகள்.

மணி அடித்தது.

"ஹலோ." அதே குரல். கொக்கி கழலும் குரல்.

"அம்மா..." என்றான்.

மதுரையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. நல்ல லைன்.

"அம்மா மாடியில துணி எடுக்கப் போயிருக்கா. மழை வர்ற மாதிரி இருக்கு. கூப்பிடவா?"

"வேணாம். உங்களத்தான் கூப்பிட்டேன்... காமாலையப்ப நான் தூங்கலம்மா."

மின்விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஊரையே நடுங்க வைத்தவள் மூச்சு விடுகிறாளா என்று கூடத் தெரியவில்லை.

"லைன் சரியில்ல," என்றாள் கடைசியில். குரல் எங்கோ அடியில் இருந்து வந்தது. "கேக்கல. இன்னொரு தடவை கூப்புடு."

"அம்மா."

"கேக்கலடா..."

"அம்மா!"

கடைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்முனையில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. அழுகையைப் பிடித்து, சட்டம் போட்டு, உள்ளே தள்ளும் சத்தம். படிக்கட்டில் யாரோ இறங்கி வரும் அரவம்.

"சரி சரி... உங்கம்மா வரா," என்றாள் அவசரமாக. பிறகு, மிக மெதுவாக: "ஸ்வெட்டர் போட்டுக்கோ."

வைத்துவிட்டாள். அவள் வரியை அவள் பாடவில்லை. இனிமேலும் பாடப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவைக் காயப்படுத்தாமல் இருக்க அந்த வீட்டுத் திரை கறுப்பாகவே கிடக்கும். போன் மட்டும் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் சரியாகக் கேட்காது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். சாத்தாத கதவுக்கு வெளியே, கையில் கறிவேப்பிலைக் கட்டோடு இமெல்டா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்கத் தேவையில்லை. இமை நுனியில் அதே துளி... வெளியே மழை விட்டிருந்தது.

"சித்தி சொன்னாவோ?"

"இல்லங்க. நான்தான் சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். இனிமேல் யோசித்தால் மறுபடி துறைமுகம்தான் வாயில் வரும்.

"இமெல்டா... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ஹம்பர்க் போங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா இத எடுத்துட்டுப் போங்க. எனக்கு நீங்க வேணும்."

சோதிலிங்கம் அண்ணை கல்லாவுக்குப் பின்னால் வானொலியை நிறுத்தினார். கடையில் ஈ பறந்தால் கேட்கும்.

இமெல்டா அந்தத் துளியைத் துடைக்கவில்லை. விழவிட்டாள்.

"கடையில ஒரே சத்தமாய்க் கிடக்கு," என்றாள். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை... இன்னொருக்காச் சொல்லுங்கோ."