வாலு அப்படி நடக்கமாட்டாள்

வாலு பல் விளக்கும்போது பாட்டு முனகமாட்டாள். வாலு பல்லே விளக்கமாட்டாள். பிரஷ்ஷை நனைத்து வைத்துவிட்டு, ‘விளக்கியாச்சு’ என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். பிடித்து நிறுத்தினால் கையைக் கடிப்பாள்.

இதை வாலுவின் அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்தபடி நின்றிருந்தாள். கூடத்தில் கணவர் செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் குழாய் மெல்லிசாக ஒழுக, பிரஷ் பல்லில் உரசும் சரசரப்புக்கு நடுவே, மூக்கால் பாடுவதுபோல ஒரு மெட்டு ஏறுவதும் இறங்குவதுமாக, அவசரமே இல்லாமல், நல்ல பிள்ளையாக, முனகலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகும் அவள் நகரவில்லை.

கதவைத் திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. வாஷ்பேசினில் நுரை மட்டும் இருந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.

“இப்ப பல் விளக்கினீங்களா?” என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“நான் அப்பவே விளக்கிட்டேனே.” தாளைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “உனக்கும் கேட்டுச்சா?”

“எதுவும் கேக்கல,” என்றாள்.

அந்த முனகலை உண்டாக்கியவளே அவள்தான்.

அவர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். வாலு பிறந்தபோது கடலில் இருந்தார். நடக்கத் தொடங்கியபோதும் கடலில்தான். காய்ச்சல் முற்றி, விடிவதற்குள் அவள் போய்விட்ட அந்த இரவிலும் கடலில்தான். எல்லாம் முடிந்த பிறகு கரையேறி, வேலையை விட்டுவிட்டு, மகளைப் பற்றிப் புத்தகம் எழுத உட்கார்ந்தார். எழுத அவரிடம் சில விடுமுறைகளும் ஒரு கட்டுப் புகைப்படங்களும் தவிர என்ன இருந்தது? மீதியை மனைவியிடம் கேட்டார். சாப்பிடும்போது கேட்டார். அவள் துணி மடிக்கும்போது கேட்டார். வேறென்ன செய்வா, வேறென்ன செய்வா என்று, காய்கறிக்காரரிடம் கொசுறு கேட்பதுபோலக் கேட்டார்.

அவளுக்கு வயிறு எரிந்தது. பெற்றபோது வரவில்லை, தூக்கிச் சுமந்தபோது வரவில்லை, இப்போது பேனாவோடு வந்து நிற்கிறார். என் பிள்ளையைத் தரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பல் விளக்கும்போது பாட்டு முனகுவாள். குதிகாலை ஊன்றி டொக் டொக்கென்று நடப்பாள். ஆரஞ்சுத் தோலைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டார். புத்தகம் வெளிவந்ததும் ஊரே அதைப் படித்து அழுதது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

“எங்க ஆபீஸே அழுது தீர்த்துடுச்சு அண்ணி. எங்க மேனேஜர் இருக்காரே, செத்தாலும் லீவு தரமாட்டாரு, அவரே மூக்கைச் சிந்திட்டு, ‘நீ வீட்டுக்குப் போம்மா’ன்னுட்டாரு. எனக்குத்தான் அந்த டொக் டொக் நடை காதுலயே நிக்குது.”

“நீ அதைக் கேட்டதே இல்ல.”

“நல்லா இருக்கே! நான் அத்தை இல்லையா? ராத்திரியெல்லாம் நடந்து நடந்து கீழ் வீட்டம்மா சண்டைக்கு வந்தாங்களே, மறந்துட்டீங்களா?” நாத்தனார் தேநீரை ஊதிக் குடித்தாள். “பாவம், இப்பகூடப் படியில நிறுத்திச் சொல்றாங்க. பிள்ளையைக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்கன்னு. வயசாயிடுச்சுல்ல, நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்காது போல.”

கீழ் வீட்டில் வயதான கணவன் மனைவி மட்டும்தான். குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வாலுவை அவர்கள் பார்த்ததே இல்லை.

மறுநாள், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸின் விளிம்பைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தபடி, வெள்ளைப் பொடி நகக்கண்ணில் படிய, சக்கரத்தின் கீச்சொலியில் பல் கூச, அவள் மகளின் நடையை நினைத்துப் பார்த்தாள். வாலு நுனிக்காலில் ஓடுவாள். சத்தமே வராது; சட்டையின் பின்புறம் திடீரென இழுபடும்போதுதான் வந்திருக்கிறாள் என்றே தெரியும். இது அவளுக்குத் தெரியும். சொல்லாகத் தெரியும். கண்ணை மூடி அந்த ஓட்டத்தைப் பார்க்க முயன்றபோது, குதிகால்கள் வந்தன. கனமாக, ஒன்றன்பின் ஒன்றாக. வியர்வையும் மண்ணுமாக மணக்கும் உச்சந்தலையை முகர நினைத்தாள். ஆரஞ்சு வந்தது.

லென்ஸ் விரலிடுக்கில் உடைந்தது.

நான் கொடுத்த பொய்யைத் தின்றுதான் அது வளர்கிறது. வளர வளர என் பிள்ளையைத் தள்ளிவிட்டு உட்கார்கிறது. இனி ஒரு வார்த்தை தரக்கூடாது.

அன்று வெளிச்சம் மங்கும் நேரத்தில் வீடு திரும்பினாள். விளக்கு போட்டிருக்கவில்லை. கூடம் முழுக்க ஆரஞ்சு வாசனை. இப்போதுதான் உரித்ததுபோல, கண்ணில் தெறித்ததுபோல. கணவர் மேசையில் தாள்களை அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் யாரோ.

சின்ன உயரம்.

“வந்துட்டியா? உட்காரு,” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரலில் இவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டதில்லை. “உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம்.”

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அது வெளியே வந்தது. புத்தக அட்டைப் புகைப்படத்தில் இருந்த வாலுவின் முகம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய சிரிப்பு. இங்கே வெயில் இல்லை. நடந்து வந்தபோது அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. கன்னத்தில் என்றோ விழுந்த மரநிழல்கூட இடம் மாறவில்லை.

“கடைசி ராத்திரி அவ எப்படி அழுதா?” என்று கேட்டார் கணவர். “அடுத்த பதிப்புல அதைச் சேர்க்கணும். நான் லீவுல வந்தப்பல்லாம் சிரிச்சிட்டேதான் இருந்தா. அவ அழுது நான் பார்த்ததே இல்ல. அதனால பாவம், இவளுக்கு அழவே வரல.”

அந்த அழுகை.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவரிடம் இல்லை. நாத்தனாரிடம் இல்லை. அந்த அழுகைக்குள்தான் வாலு இன்னும் முழுசாக இருந்தாள். கோபத்தோடு. மூக்கு ஒழுகலோடு. தன் குரலோடு. வேறெங்கும் மிச்சமில்லை.

சொன்னால் அதுவும் போய்விடும். பொய் சொன்னால், பொய்யும் நாளை இந்த வீட்டில் அழும். அழுது அழுது நிஜத்தை மூழ்கடிக்கும்.

அது அவள் மடியில் ஏறியது. எடை இல்லை. எடையை யாரும் சொல்லியிருக்கவில்லை.

“சொல்லேன். பெத்தவதானே நீ? பிள்ளை கேக்குதுல்ல?”

சிரிப்பு பிளந்தது. வாய் திறந்தது. இன்னும். இன்னும். கண் வரைக்கும். உள்ளே நாக்கு இல்லை. மூச்சு இல்லை. சத்தம் இல்லை. திறந்தபடியே, அவள் முகத்துக்கு நேராக நின்று, காத்திருந்தது.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“மாட்டேன்,” என்றாள் அவள், தூங்கும் பிள்ளை விழித்துவிடாத குரலில்.